மோட்டார்க்காரர் வண்டி

இல்லண்ணா, அந்தக் கதவு உள்ள இருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளிய விட்டு, வெளிப் பிடியை இழுக்கணும். கண்ணாடி இறங்கலையா? ஆமா, அதுவும் இறங்காது. இருங்க, நானே வந்து திறந்து விடுறேன்... அவ்ளோதான், இறங்குங்க. எங்க மாமா ஒரு தடவை இதுக்குள்ள மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் கத்தினாரு. டேய், டேய், இது வண்டியா எலிப்பொறியா, திறடா! நான் வெளிய நின்னுக்கிட்டு, கேக்கல மாமா, கேக்கலயேன்னு காதைக் காட்டிக்கிட்டு இருந்தேன். மாமா மூக்கால பேசுவாரு, அதான் அப்படிப் பேசிக் காட்டினேன். பழக்கதோஷம். யார் குரலும் ரெண்டு தடவை கேட்டா எனக்கு வந்துடும்.

அப்பாவா? வெளிய போயிருக்காரு. அம்மா உள்ளதான் இருக்காங்க. தலைவலி, வர மாட்டாங்க. நீங்க பாருங்கண்ணா, நான் எல்லாம் காட்டுறேன். இந்தப் பிக்கப் ஜீப்புல எனக்குத் தெரியாத ஆணி கிடையாது.

ஆனா ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். வாங்காதீங்க.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான். விக்கிற வீட்டுப் பையனே இப்படிச் சொல்றானேன்னு பாக்குறீங்களா? பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க. அது மாமா போன மாசம் அடிச்சது, சுவத்துக்கு அடிக்கிற பிரஷ்ஷால. உத்துப் பாருங்க, முடி ஒட்டியிருக்கும். பிரஷ் முடி, மாமா முடி இல்ல, அவருக்கு ஏது. இப்ப இப்படிக் குனிஞ்சு அடில இருக்கிற சட்டத்தை, சேஸிஸைப் பாருங்க. அந்தப் பழுப்பா இருக்கிற எடத்துல விரலை வெச்சு அழுத்துங்க. உள்ள போகுதா? டீயில நனைச்ச பிஸ்கட் மாதிரி இருக்கும்.

மெக்கானிக்கிட்ட காட்டியாச்சுண்ணா. அவருக்கு இருமல். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை வரும். தம்பி, இந்த வண்டில... க்ஹும்... நல்லா இருக்கிறது... க்ஹ்ஹும்... ஹார்ன் மட்டும்தான். சொல்லிட்டு ஹார்னை அமுக்கினாரு. அடிக்கல. எங்களைப் பார்த்தாரு. அதையும் எழுதிக்கோன்னுட்டு கையைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

ஃபோர் வீல் கியரா? விழும். நேரா இழுத்தா விழாது. ரெண்டடி பின்னாடி வந்து, கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே, இந்தச் சின்ன லீவரை வலது காலால ஒரு உதை விடணும். படார்னு ஒரு சத்தம் கேக்கும். கேட்டா நாலு சக்கரமும் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். கேக்கலைன்னா சேத்துலயே உக்காந்துக்க வேண்டியதுதான். போன்ல அப்பா என்ன சொன்னாரு? சுண்டு விரலால தள்ளினாலே விழும்னாரா? அவர் அப்படித்தான்ணா, வண்டின்னு வந்துட்டா வாய் நிக்காது. ஊர்ல எந்தக் கிணத்துல மோட்டார் நின்னாலும் இதுலதான் போய்த் தூக்கிட்டு வருவாரு. எங்களுக்குப் பேரே மோட்டார்க்காரர் வீடு. ரோடு இல்லாத மேட்டுல எல்லாம் ஏத்தி இறக்கி, வாங்குன அடியில இதோட முதுகெலும்பே போயிடுச்சு.

உங்க தேனீப் பொட்டி விஷயத்துக்கே வாங்க. நாப்பது பொட்டி ஏத்துவீங்க இல்ல? மேட்டுல பாதி ஏறும்போது மூணாவது கியர் எகிறிடும். முட்டியை வெச்சு அழுத்திக்கிட்டே ஓட்டணும். நீங்க கியரைப் பிடிப்பீங்களா, பின்னாடி தேனீயைப் பாப்பீங்களா? எங்கப்பாவுக்கு முட்டில காய்ப்பே காய்ச்சிருந்துச்சு. இருக்கு. காய்ச்சிருக்கு.

பொட்டி விஷயம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? அப்பா சொன்னாரு. எல்லாம் சொல்லுவாரு. உங்க பாப்பாவுக்கு இருமல் விட்டுச்சா? நல்லா விட்டுச்சா? அப்பாடா. ராத்திரி தலையணையை ஒசத்தி வெச்சீங்களா? ஆமாண்ணா, அதுவும் சொன்னாரு.

ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணுமா? வேணாமே. பக்கத்து வீட்டு டீச்சர் திட்டுவாங்க. ஏம்ப்பா, காலங்காத்தால புகையடிச்சுக் கொசுவா விரட்டுறீங்க? அவங்க குரல் கடைசில மேல போய் அப்படியே தொங்கும், கேட்டீங்களா? சரி, பண்ணுங்க. முதல் தடவை பிடிக்காது. ரெண்டாவதும் பிடிக்காது... என்னண்ணா இது, உங்க கைக்கு எடுத்த எடுப்புல பிடிச்சுடுச்சு. துரோகி வண்டி.

புகையைப் பாருங்க. கறுப்பு கறுப்பா. இதைப் போய்...

ஏன் எஞ்சினை அமத்திட்டீங்க?

பிடிச்சுப்போச்சா? எதுண்ணா பிடிச்சுது, ஓட்டையா? நீங்களே வெல்டிங் வெச்சுப்பீங்களா. கியர் பொட்டிக்கு ஆள் இருக்கா. சொன்ன விலைக்கே எடுத்துக்கிறீங்களா? பேரம்கூடப் பேசாமலா? ஐயோ, பணத்தை எடுக்காதீங்க. எண்ணாதீங்கண்ணா, உள்ள வைங்க. கொஞ்சம் யோசிங்க. வீட்டுல கேட்டுட்டு வாங்க. எதை நம்பி வாங்குறீங்க?

அவர் பேச்சை நம்பியா.

அப்படிச் சொல்லாதீங்கண்ணா. உக்காருங்க, இந்தப் படிக்கட்டுல உக்காருங்க. இல்ல, அழல, புகை கண்ணுல பட்டுடுச்சு.

சொல்லுங்க தம்பி. நாலு நாள் கழிச்சு வந்தாலும் வண்டி உங்களுக்குத்தான் தம்பி. நம்ம கையில வளர்ந்தது, ஏமாத்தாது.

இதே குரல்தானே? ஆமா. நீங்க பேசினது என்கிட்டதான். ஆறு தடவையும். உங்களைப் போய்த் தம்பி தம்பின்னு கூப்பிட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. சுண்டு விரல் கதை, தலையணை, எல்லாம் நான்தான். அவர் இருந்தா என்ன சொல்லுவாரோ அதைத்தான் சொன்னேன். கூட ஒரு வார்த்தை சேர்க்கல.

மூணு மாசமாச்சுண்ணா. ஒரு தோட்டத்துல மோட்டாரை இறக்கிட்டு வந்தாரு, தலை சுத்துதுன்னு படுத்தாரு, எழுந்திரிக்கல. வண்டி விக்கிற விளம்பரம் மாமா குடுத்தது. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச நம்பராச்சேன்னு அப்பா நம்பரையே போட்டுட்டாரு. போன் என்கிட்ட இருந்துச்சு. மோட்டார் ரிப்பேருக்கு யாராவது கூப்பிட்டா விஷயத்தைச் சொல்லுன்னு என்கிட்டதான் குடுத்து வெச்சிருந்தாங்க. நாலஞ்சு பேர்கிட்ட சொன்னேன். சொன்னதும் எல்லாரும் ஒரே மாதிரி ஐயய்யோங்கிறாங்க, அப்புறம் போனை வெச்சுடுறாங்க. அன்னிக்கு நீங்க கூப்பிட்டீங்க. மோட்டார்க்காரர் இருக்காருங்களான்னு கேட்டீங்க. இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லுங்க தம்பின்னு வந்துடுச்சு.

வேணும்னு பண்ணலண்ணா. இல்ல, முதல் தடவை வேணும்னு பண்ணல. போன வருஷம் எனக்குக் குரல் உடைஞ்சதும் முதல்ல வந்த குரலே அவருதுதான். ஸ்கூலுக்குப் போன் போட்டு, பையனுக்கு வயித்து வலி, இன்னிக்கு வர மாட்டான்னு அவர் குரல்ல லீவு சொல்லிட்டேன். தெரிஞ்சுபோய் கையை ஓங்கிக்கிட்டு வந்தாரு. பக்கத்துல வந்ததும், எங்க, இன்னொரு தடவை சொல்லுன்னாரு. சொன்னேன். சிரிச்சுச் சிரிச்சு அவருக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அடிக்கவே இல்ல.

அம்மாவுக்குத் தெரியுமான்னா... ரெண்டாவது தடவை நீங்க கூப்பிட்டப்போ அவங்க துணி துவைச்சுக்கிட்டு இருந்தாங்க. கையெல்லாம் சோப்பு நுரையோட ஓடி வந்தாங்க. நான் போனோட நிக்கிறதைப் பார்த்தாங்க. செத்தேன்டான்னு நினைச்சேன். அப்படியே திரும்பித் துவைக்கப் போயிட்டாங்க. மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு, நீங்க வழக்கமா கூப்பிடுற நேரத்துக்கு, கதவுக்கு அந்தப் பக்கம் வந்து உக்காந்தாங்க. விளக்குகூடப் போடல. பேசும்போது நிழல் தெரிஞ்சுது. தேனீ உங்க மாமனார் மூக்குல கொட்டின கதையைச் சொன்னீங்க இல்ல, அப்ப நான் அப்பா மாதிரி சிரிச்சேனே, உள்ள அவங்களும் சிரிச்சாங்க. மூணு மாசத்துல முதல் தடவை. அதுக்கப்புறம் தினமும் ஏழரைக்கே வேலையை முடிச்சுடுறாங்க. நேத்து அஞ்சு நிமிஷம் லேட்டா கூப்பிட்டீங்க, ரெண்டு தடவை எட்டிப் பார்த்தாங்க.

இன்னிக்குக் காலைல நீங்க நேர்ல வர்றீங்கன்னு நான் சொன்னதும் தலைவலின்னு படுத்தாங்க.

வண்டி விக்கத்தான்ணா வேணும். என் படிப்பு, வாடகை, எல்லாம் அதுல இருக்கு. உங்களுக்கே விக்கிறோம். இவ்ளோ ஓட்டையைக் காட்டியும் எடுக்கிறீங்கன்னா நல்லா வெச்சுப்பீங்க. ஆனா இன்னிக்கு வேணாம். வித்து முடிச்சுட்டா அவரை நீங்க எதுக்குக் கூப்பிடப் போறீங்க? நாளைக்கு எட்டு மணிக்கு ஒரு போன் பண்ணுங்க. விலையைக் குறைச்சுக் கேளுங்க. நல்லா அடிச்சே கேளுங்க. அவர் லேசுல இறங்க மாட்டாரு. ஒரு வாரமாவது இழுப்பாரு.