கீழ் ஆணி

ஐயோ தம்பி, பாத்து! முழங்கை இடிச்சிடும். தெர்மாமீட்டர் அது. முயல்தோலைச் சுத்தித்தான் மடியில வச்சிருக்கேன். டிரைவர்கிட்ட குடுத்தா பின்னாடி மூட்டையோட மூட்டையா வீசிடுவான்.

காய்ச்சல் பாக்கவா? நல்லா கேட்ட போ! வாசல் குளிர் பாக்க. நீ யாகூட்ஸ்க் டவுன்காரன்தானே? அதான். அங்க என்ன குளிரு, வேர்த்துல்ல கொட்டும்! உள்ள செவப்பா தெரியுதே, அது சாராயம். பாதரசம்னா எங்க ஊர்ல கட்டியா உறைஞ்சிடும்.

தெனம் காலைல பாத்து காலண்டர்ல எழுதுவேன். எழுதின கையோட ஆத்துக்கு அந்தாண்ட கவ்ரீலுக்குப் போன். குதிரை வளக்கறவரு. என்னை மாதிரியே தனிக்கட்டை. ரெண்டு பேருல யாரு வாசல்ல குளிரு ஜாஸ்தியோ அவங்க அன்னிக்கு ஜெயிச்ச மாதிரி.

யாரு ஜெயிப்பாங்களா? நாந்தான்! மைனஸ் ஐம்பத்து நாலும்பேன், அவரு மைனஸ் ஐம்பத்து மூணும்பாரு. ஒரே ஒரு தடவ, ஆரம்பத்துல, அவரு ஜெயிச்சாரு. அப்புறம் கொஞ்ச நாள் நான் போனே பண்ணல. சேச்சே, கோவமெல்லாம் இல்ல. வேலை இருந்துச்சு.

ஆனா பாரு, அவரு வீடு பள்ளத்துல. குளிரு தண்ணி மாதிரி, பள்ளத்துலதான் போய்த் தேங்கும். நியாயமா அவருதான தெனமும் ஜெயிக்கணும்? எனக்கு உறுத்திச்சு. சரி, மனுஷன் அடுப்புச் சுவத்துலயே ஆணி அடிச்சு மாட்டியிருக்காரு, வீட்டுச் சூடு ஏறுதுன்னு நெனச்சேன். எங்க ஊர்ல புதுசா வர்றவங்கதான் அப்படி மாட்டுவாங்க. நேர்ல போய் மானத்தை வாங்கிடணும்னு போன மாசம் ஒரு நாள் இதையும் எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

போனா, சுவத்துல ஒண்ணுமே இல்ல. வீட்டை விட்டுத் தள்ளி, வடக்கால, அம்சமா ஒரு கம்பம்! இதையும் அதுலயே மாட்டினேன். உறைஞ்ச மீனைச் சீவிக் குடுத்தாரு, பால் டீ குடுத்தாரு. தின்னுட்டு ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போய்ப் பாத்தோம். மூச்சு பட்டாலே ஏறிடுமே, அதுக்குத்தான். என்னுது ஐம்பத்தெட்டு. அவருதும் ஐம்பத்தெட்டு! காலைல எவ்வளவு சொன்னாரு தெரியுமா? ஐம்பத்து மூணு. வெயில் வந்தப்புறம் எந்த ஊர்லப்பா குளிரு ஏறும்?

யோவ் கவ்ரீலு, குளிரைக் கூட்டிச் சொல்ற புளுகனைப் பாத்திருக்கேன், கொறைச்சுச் சொல்ற புளுகனை இப்பத்தான்யா பாக்கறேன்னு கத்தினேன். மனுஷன் குல்லாவைக் கழட்டிக்கிட்டு நிக்கிறாரு, அந்தக் குளிர்ல! நீ தோத்தா போன் பண்ண மாட்டியே அக்சீனியா, அந்த ஒரு தடவையே எனக்குப் போதும்னாரு.

சிரிக்காத. எனக்கு அப்படியே அழுகை வந்துடுச்சு. அழவும் முடியாது, கண்ணீர் உறைஞ்சு இமை ஒட்டிக்கும். குல்லாவைப் போடுய்யா மொதல்லன்னு ஒரு அதட்டு போட்டேன்.

என்னது, சாயங்காலம் திரும்பற வண்டியா? எனக்கு எதுக்குப்பா? பின்னாடி இருக்கிற மூட்டையெல்லாம் என்னோடதுதான். போன வாரமே ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணக் கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே போனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், ஒரே கம்பம். ஆனா கம்பத்துல கீழ் ஆணி எனக்குன்னு கறாரா சொல்லிட்டேன். குளிரு கீழதான தங்கும்?