துப்பாக்கிக்குக் காவல்

"ஹலோ... ஆமா, நான்தான்... சொல்லு ராய்ஸ், எங்க இருக்க?... இன்னும் ஹைவேயிலயா... ஓஹோ... மழையா அங்க... சரி சரி... இன்னும் நேரம் ஆகுமா..."

நோலா டாக்கெட் போனைக் காதில் வைத்தபடியே அப்பாவின் அறையை விட்டு வந்து, தாழ்வாரத்துக் கோடியில் இருந்த ஜன்னலருகே நின்றாள். கீழே, முதியோர் மருத்துவ இல்லத்தின் பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. கடைசி வரிசையில், மேப்பிள் மரத்தடியில், ஒரு நீல பிக்கப் வண்டி. இண்டியானா நம்பர். ஸ்டியரிங்குக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு தலை.

"அப்படியா... அப்போ இங்க மரத்தடியில நிக்கிற நீல வண்டி யாரோடது?... இல்ல, சும்மா கேட்டேன். உன் வண்டி மாதிரியே இருக்கு. உள்ள உக்காந்திருக்கவனும் உன்ன மாதிரியே மடையனாத் தெரியறான்... என்னடா, பேச்சக் காணோம்?... ஆமா, மாடி ஜன்னல்ல நிக்கிறேன். நிமிந்து பாரு... கைய ஆட்ட வேணாம். இறக்கு கைய."

தலை தாழ்ந்தது. நாற்பத்தைந்து வயதுத் தம்பி, பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பையனைப் போலத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"எப்ப வந்த?... காலையிலேயேவா?... காலையிலேர்ந்து அங்கயேவா உக்காந்திருக்க?... அப்பா இங்க ஒவ்வொரு மூச்சுக்கும் போராடிக்கிட்டுக் கெடக்காரு, நீ அங்க ரேடியோ கேட்டுக்கிட்டு... சரி, கேக்கல. ரேடியோ கேக்கல. பெரிய தியாகம்... ஏன் வரல?... என்ன போர்டு?... வாசக்கதவுல... ஆமா... ஆமா, துப்பாக்கிப் படத்துக்கு மேல சிவப்புக் கோடு. தினமும் அந்தக் கதவத் தள்ளிக்கிட்டுத்தானே நான் உள்ள வர்றேன்... அதுக்கு என்ன இப்ப?"

மறுமுனையில் ராய்ஸ் பேசினான். நிறையப் பேசினான். நோலா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவன் எங்கு போனாலும் இடுப்பில் கைத்துப்பாக்கியோடுதான் போவான். ரொட்டி வாங்கப் போனாலும் அது கூடப் போகும்.

"ம்... ம்... உரிமையா... ம்... சட்டப்படி வச்சிருக்க. தெரியும்டா. என் கல்யாண நாள் விருந்துல கேக் வெட்டறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் அதத்தானே எடுத்துச் சொன்ன... உன்னக் கேக்க அவங்க யாருன்னா?... ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இது அவங்க இடம் ராய்ஸ். சேத்துக்காலோட என் வீட்டுக்குள்ள வராதன்னா நீ பூட்ஸக் கழட்டிட்டுத்தானே வர்ற?... அதேதான்... இல்ல, அதேதான்."

"சரி, எனக்கு ஒண்ணு சொல்லு. இங்க யாரு உன்னச் சுடப் போறா?... பக்கத்து அறையில ஒரு அம்மா, தொண்ணூறத் தாண்டினவங்க. நேத்துப் பல்செட்ட ஆரஞ்சு ஜூஸ்ல போட்டுட்டாங்க. அவங்களா?... இல்ல, ஆக்ஸிஜன் குழாயோட படுத்திருக்க உங்கப்பாவா?... சிரிக்கல. நான் எங்க சிரிச்சேன்? இடுப்புல ஒரு தோலுறை, அதுல உன் பேரு வேற பொறிச்சு வச்சிருக்க, விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம் கட்டின மாதிரி. என் பொண்ணு ஸ்கூல் முடிச்ச விழாவுக்குத் துப்பாக்கியக் கழட்ட மனசில்லாம, உள்ள வராம ரோட்டோரமா நின்னு கைய ஆட்டினியே, அன்னைக்கே சிரிச்சு முடிச்சிட்டேன்."

"வண்டியில வச்சுப் பூட்டிட்டு வா. முடிஞ்சுது... ஏன் முடியாது?... சீட்டுக்கு அடியில இரும்புப் பெட்டி இருக்குன்னியே... கம்பிக்கயிறு போட்டுக் கட்டி... ஆங், அதேதான், அதுல வையி... மாட்டேன்னா?... மாட்டேன்னா என்னடா அர்த்தம்?... ரிசப்ஷன்லயா? அந்தப் பொண்ணு ஒரு குடையக்கூட வாங்கி வைக்க மாட்டா... ஷெரீஃப் ஆபீஸ்ல இருக்கற துப்பாக்கி லாக்கர் கோர்ட்டுக்கு வர்றவங்களுக்கு. அதுவும் இன்னைக்குப் பூட்டிக் கெடக்கும்... துப்பாக்கிக் கடையும்தான்... சித்தப்பா வீட்டுலயா? நல்லது, போ. மலையச் சுத்திப் போய் வச்சிட்டு வா. வந்து சவப்பெட்டியப் பாரு."

அப்போது அறைக்குள்ளிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டி, மெல்லத் தலையை அசைத்தாள். நோலாவுக்குப் புரிந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீள ஆரம்பித்திருக்கிறது. சுரங்கத்தில் அப்பா விழுங்கிய தூசி கடைசிக் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறது.

"ராய்ஸ், கேளு... கேளுடா. நர்ஸ் சைகை காட்டிட்டா. இன்னைக்குத்தான்... ஆமா... இனிமே உன் உரிமையப் பத்தி ஒரு வார்த்த பேசின, போன வச்சிருவேன். பெத்த அப்பன் பெருசா, அந்த இரும்புத்துண்டு பெருசா? அத மட்டும் சொல்லு... என்ன?... கேக்கல, சத்தமாப் பேசு... அழறியா?... என்னது காணாமப் போச்சு?... இதுவா?... இதுக்கு முன்னாடி வச்சிருந்ததா..."

அவள் குரல் தணிந்தது.

"எப்போ?... போன இலையுதிர் காலத்துல... ஸ்டேடியத்துல... அங்கயும் போர்டு இருந்துச்சு... சரி, அதனால வண்டியில வச்சிட்டுப் போன. பெட்டியில பூட்டித்தானே வச்ச?... கம்பிக்கயித்த வெட்டி, பெட்டியோடயே... ம்... போலீஸ்ல சொன்னேல்ல?... அன்னைக்கே சொல்லிட்ட. அப்புறம் உன்மேல என்ன தப்பு?... எந்தப் பொண்ணு?"

நோலா நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் வைத்தாள். கீழே வண்டிக்குள் இருந்த தலை ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து கிடந்தது.

"பெட்ரோல் பங்க்ல... கல்லாவுல நின்ன பொண்ணு... திருட வந்தவன் கையில இருந்தது உன்னோடதா... நம்பர வச்சுக் கண்டுபிடிச்சாங்க... ம்... தோள்லயா... உயிரோட இருக்காளா?... இருக்கா. சரி. இருக்கால்ல... வலது கையத் தூக்க முடியல... நீ போய்ப் பாத்தியா?... போன... இடது கையால காப்பிக் கோப்பைக்கு மூடி போட்டுக் குடுத்தா... நீ யாருன்னு சொல்லவே இல்ல. வாங்கிட்டு வந்துட்ட."

அவள் நெற்றியைக் கண்ணாடியிலிருந்து எடுத்தாள். பிறகு பழைய குரல் திரும்பியது. ஆனாலும் அதில் ஏதோ ஒன்று இடம் மாறியிருந்தது.

"மூதேவி. இத முதல்லயே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? உரிமை, சட்டம்னு இவ்வளவு நேரம் என் உயிர எடுத்த... அவ்வளவு நடந்தப்புறமும் இன்னொண்ண வாங்கி இடுப்புல கட்டிக்கிட்டு அலையற பாரு, உன்ன... சரி, பயம். புரியுது. புரியலன்னாலும் புரிஞ்சதா வச்சுக்கறேன்... வாய மூடிட்டு நான் சொல்றதச் செய். அதப் பெட்டியில போட்டுப் பூட்டு. நான் கீழ இறங்கி வர்றேன். உன் வண்டியில நான் உக்காந்துக்கறேன். நீ மேல போ... ஆமா, நான்தான். துப்பாக்கிக்குக் காவல்."

அவள் ஏற்கெனவே படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.

"தெரியும்... ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் உள்ள இருக்க முடியும். தெரியும்டா. யோசிக்காமயா சொல்றேன்?... ராய்ஸ், வேணாம். அதப் பத்திப் பேசாத."

குளிர்காலம் முழுவதும் அந்தக் கட்டிலின் பக்கத்து நாற்காலி அவளுடையது. வேலை முடிந்து நேரே வந்து, பீன்ஸ் சூப்பை ஆற்றி ஊட்டி, சளியைத் துடைத்து, திட்டு வாங்கி, திட்டி. கடைசியில் அந்தக் கண்களை மூடப்போவது தன் கைதான் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். இப்போது போர்டு ஒட்டிய கதவைத் தோளால் தள்ளி வெயிலுக்குள் வந்தாள்.

"போனக் கட் பண்ணாத, வழி சொல்றேன்... இறங்கு. கதவத் திற. சாவிய நீயே எடுத்துட்டுப் போ, பெட்டிச் சாவி என்கிட்ட வேணாம்."

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். போனை இருவருமே காதிலிருந்து இறக்கவில்லை. ராய்ஸின் கண்கள் வீங்கியிருந்தன. அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் அவனை வாசல் பக்கமாகத் தள்ளிவிட்டு, வண்டியில் ஏறி, சீட்டுக்கு அடியில் இருந்த சின்ன இரும்புப் பெட்டியைக் கம்பிக்கயிற்றோடு இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"ஓடாத. நட... லிஃப்ட் வேணாம், அது ஆமை. படி ஏறு... காப்பி மெஷின் தாண்டி இடது பக்கம்... இடதுடா, உனக்கு எப்பவும் இதே தொல்லை... அப்பாவோட வலது கைய அமுக்காத, ஊசி இருக்கு. இடது கையப் பிடி. தண்ணி கேட்டா கோப்பையில குடுக்காத, பஞ்ச நனைச்சு உதட்டுல வையி. உன்ன யாரோன்னு நெனச்சா நெனச்சுக்கட்டும், வாதம் பண்ணாத... வந்துட்டியா?... அப்புறம் ஏன் நிக்கிற?... தள்ளு. கதவுதானே. அதுல ஒரு போர்டும் இல்லையே."

போனில் கதவு கிரீச்சிடுவது கேட்டது. பிறகு, தூரத்தில், அவளுக்கு மிகவும் பழகிய அந்த மூச்சு. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று. அவள் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்காரா... ம்... கண்ணத் திறந்தாரா... உன்னப் பாக்கறாரா?... சரி... சரி... அழுதுக்கோ, பரவாயில்ல... என்னது, போன அவர் காதுல வைக்கறியா? எதுக்கு?... வேணாம். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் குளிர்காலம் பூரா சொல்லிட்டேன் ராய்ஸ். என் குரலக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துப்போச்சு. நீ பேசு."

அவளே போனை அணைத்தாள். வண்டியின் கதவுகளை உள்ளிருந்து பூட்டிவிட்டு, மாடி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.