தீர்ப்பு சொல்லாத இடம்

பாளையங்கோட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். "கவுன்சிலிங்குக்குப் பெரியப்பாவையும் வரச் சொல்லிட்டேன்" என்று அவன் சொன்னபோதுதான் நான் காது கொடுத்தேன்.

"அவிய எதுக்கு?"

"எனக்காகப் பேச ஒரு ஆளு வேண்டாமாட்டி? கவுன்சிலிங் பண்ணுத அந்தம்மா உன் பக்கமே தீர்ப்பு சொல்லிட்டா?"

"அங்கன தீர்ப்பே கிடையாது. நான் போன் போட்டுக் கேட்டேன். ரெண்டு பேரையும் பேசவிட்டுக் கேப்பாவளாம். பொறவு தனித்தனியா கேப்பாவளாம். சொன்னது வெளிய போவாதாம்."

"நீ என்ன சொல்லப்போறே?"

"மூணு மாசமா பிள்ளைய நடுவுல வச்சுத்தான் என்கிட்ட பேசுதியன்னு சொல்லுவேன். எதிர்த்தாப்புல நான் நிக்கேன், 'அம்மாகிட்ட சோறு போடச் சொல்லு'ன்னு அவகிட்ட சொல்லுதிய. இன்னைக்கு அவ பள்ளிக்கூடம் போயிட்டா. அதான் நேரா பேசுதிய."

"இதையெல்லாமா அங்க போய்ச் சொல்லுவே?"

"இதத்தான் சொல்லுவேன்."

நானும் அப்படித்தான் மகளை நடுவில் வைத்துப் பேசினேன். அவள் கல்யாணமாகிப் போனதும் எங்களுக்கு நடுவே பேச ஆளில்லை. என் மனைவி இறக்கும்வரை நான் அந்த மௌனத்தைக் கலைக்கவில்லை.

நிறுத்தம் வந்தது. அவள் எழுந்தாள்.

"வாரியளா? நீங்க வராட்டியும் நான் போவேன். ஒத்தையில வந்தாலும் பாப்பாவளாம்."

அவள் இறங்கிவிட்டாள். அவன் அவசரமாகப் போனை எடுத்து, "பெரியப்பா, நீங்க வர வேண்டாம்" என்றபடியே படிக்கு ஓடினான்.

"ஏட்டி, நில்லு!"

"நிக்க மாட்டேன். வெரசா வாங்க."