என் எண்ணில் வந்த அழைப்பு

நீங்கள் கேட்டபடி எழுதித் தருகிறேன். அதற்கு முன் ஒன்று. உங்கள் வாசலில் நிற்கும் காவலர் வாக்கிடாக்கியை ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்குகிறார். அப்படித் தூக்கினால் ஆறே மாதத்தில் அடி கழன்றுவிடும். சொன்னேன், சிரித்தார். எதைச் சொன்னாலும் பல்லைக் காட்டுகிற ரகம் ஒன்று உண்டு. என் மச்சினனும் அந்த ரகம்தான்.

டிஜிட்டல் ரேடியோ பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது நேற்றைய கேள்விகளிலேயே விளங்கிவிட்டது. அதனால் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பேசும் பட்டனை அழுத்தினால் குரலோடு அந்த எண்ணும் போகும். கேட்பவர் திரையில் எண்ணும் அதற்குரிய பெயரும் தெரியும். அமெச்சூர்களுக்கு, அதாவது தேர்வெழுதி உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ பேசும் எங்களுக்கு, ஏழு இலக்க எண் ஒன்று தருவார்கள். உலகத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது. கம்பெனிகளின் தனியார் வலையில் அப்படியில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர்களே போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் அமெச்சூர் சங்கத்தில் பாதிப் பேருக்கு இது மண்டையில் ஏறாது. ஒரு பல் டாக்டர், தன் எண் வரும்வரை பொறுக்க முடியாமல், ஒன்றிலிருந்து ஏழு வரை வரிசையாகப் போட்டுக்கொண்டு பேசினார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன் மனைவியின் பிறந்த தேதியைப் போட்டிருந்தார். கணக்கு வாத்தியாருக்கே எண்ணின் அருமை தெரியவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது. செயலாளர் என்ற முறையில் அத்தனை பேரையும் திருத்தியது நான். பதிலுக்கு, முதுகுக்குப் பின்னால் எனக்கு 'நம்பர் துரை' என்று பெயர் வைத்தார்கள்.

பிழைப்புக்கு, மக்காச்சோளம் சேமித்து வைக்கும் கம்பெனி ஒன்றில் ரேடியோப் பொறுப்பாளர். சைலோ என்று சொல்லும் ஆறு மாடி உயர இரும்புக் குதிர்கள் அங்கே எட்டு இருக்கின்றன. தானியத் தூசி தீப்பிடிக்கும் என்பதால் உள்ளே செல்போனுக்குத் தடை. ரேடியோ ஒன்றுதான் துணை. நாற்பத்தெட்டு பேருக்கு நான் எண் போட்டுக் கொடுத்தேன். மச்சினனுக்கு முப்பத்தொன்று. எனக்கு நாற்பத்தொன்பது என்று போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. என் ஏழு இலக்க அமெச்சூர் எண்ணையே கம்பெனிக் கருவியிலும் ஏற்றிக்கொண்டேன். தனியார் வலையில் அதைப் போடக் கூடாது என்ற விதியை நேற்று நீங்கள் எனக்கே படித்துக் காட்டினீர்கள். அது விவரம் தெரியாதவர்களுக்காக எழுதிய விதி.

மச்சினன் என் மனைவியின் தம்பி. சைலோ மெக்கானிக். வேலை வாங்கிக் கொடுத்தது நான். என்னைப் பார்த்து அவனுக்கும் அமெச்சூர் ஆசை வந்தது, படித்துத் தேர்வெழுதத்தான் உடம்பு வணங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், என் லேப்டாப்பிலிருந்த செட்டிங்ஸ் கோப்பை அப்படியே தன் கம்பெனிக் கருவியில் ஏற்றிக்கொண்டு போனான். கோப்போடு என் அமெச்சூர் சேனல்களும் என் எண்ணும் போயின. அன்றிலிருந்து அவன் வாயைத் திறந்தால் ஊருக்கெல்லாம் நான் பேசுவதாகத் தெரிந்தது. அமெச்சூர் வலையில் ஏறிப் பாட்டுப் பாடினான். சங்கக் கூட்டத்தில் பல் டாக்டர் என் தோளைத் தட்டி, குரல் இனிமை என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

எண்ணை மாற்றிக்கொள் என்று மூன்று முறை சொன்னேன்.

"ஒரு நம்பர்தானே மாமா. நான் பேசுனா தேஞ்சா போயிடும்?" என்றான். என் மனைவியும் அவனோடு சேர்ந்து சிரித்தாள்.

நீங்களே மாற்றியிருக்கலாமே என்று கேட்டீர்கள். ஐந்து நிமிட வேலைதான், கேபிளும் என் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. ஆனால் மற்ற நாற்பத்தேழு பேரும் கருவியைக் கொண்டுவந்து, நின்று, கேட்டு வாங்கிப் போகிறவர்கள். இவனும் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். ஐந்து மாதம் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று ஏழுக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது. அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாள் கொசு கடித்தாலும் பதிவேட்டில் எழுதுகிறவள். கருவியில் ஆரஞ்சு நிறத்தில் அபாயப் பட்டன் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் அழுத்தியவரின் எண் அவள் திரையில் சிவப்பாக மின்னும்.

"சார், உங்க நம்பர்ல எமர்ஜென்சி வருது. நீங்க நல்லாருக்கீங்களா?"

என் கருவி கண்ணெதிரே சார்ஜரில் இருந்தது.

"நான் நல்லாத்தான் இருக்கேன்மா. க்ளோஸ் பண்ணிடுங்க."

"வேற யாராவது உங்க நம்பர்ல இருப்பாங்களா சார்?"

இப்படிக் கேட்கும் அளவுக்கு அவளுக்கு மூளை இருந்தது எனக்கு ஆச்சரியம். ஒரு நம்பர் ஒரு ஆளுக்குத்தான் என்றேன். அவள் எச்சரிக்கையை முடித்துவைத்தாள். அவள் மேல் பழி போடாதீர்கள், சொன்னதைச் செய்தாள்.

என் கோப்பில் சோதனைக்கென்று தனி சேனல் ஒன்று உண்டு. அதில் பேசினால் என் மேஜையில் மட்டும்தான் கேட்கும். கோப்பைத் திருடியவனிடமும் அது இருந்தது. அபாயப் பட்டனுக்குப் பதில் வராததால் என்னையே கூப்பிட்டு, அதில் அவன் குரல் வந்தது. மூன்றாம் சைலோவில் கட்டிபட்டுக் கிடந்த சோளத்தைக் குத்திவிட உள்ளே இறங்கியிருக்கிறான். இடுப்பில் கயிறில்லை, மேலே காவலுக்கு ஆளில்லை. அங்கேயும் விதிமுறை அவனுக்கு வேடிக்கைதான். அடிக் கதவு திறந்திருந்தது. சோளம் இறங்க இறங்க அவனும் அதோடு இறங்கிக்கொண்டிருந்தான்.

"மாமா, மூணாம் சைலோ. இடுப்பு வரைக்கும் போயிட்டேன். கதவை மூடச் சொல்லுங்க." கொஞ்ச நேரம் சோளம் சரியும் சத்தம். "நம்பரை மாத்திக்கிறேன் மாமா. சத்தியமா மாத்திக்கிறேன்."

மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்வதும் மாற்றிக்கொள்வதும் ஒன்றல்ல. ஐந்து மாதமாக நாக்கு நுனியில் வராத வார்த்தை, தேவை என்றதும் வந்துவிட்டது.

எல்லாக் குரலையும் வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் பெட்டி என் அறையில்தான் இருக்கிறது. அதில் எந்த எண்ணையும் தடை செய்யலாம். என் எண்ணைத் தடை செய்தேன். பதினேழு வருடமாக நான் காப்பாற்றி வந்த எண். அதை என் கையாலேயே அடைக்க எனக்கு எவ்வளவு வேதனையாக இருந்தது என்று நீங்கள்கூடக் கேட்கவில்லை. பதினொன்று பதினொன்றுக்குச் சத்தம் நின்றது. கோப்பையில் மீதமிருந்த தேநீரைக் குடித்தேன். மதியம் இரண்டு மணிக்கு, சோளம் இறங்கும் வழி அடைத்துக்கொண்டது என்று போய்ப் பார்த்தவர்கள் அவனைக் கண்டுபிடித்தார்கள்.

ஆம், பட்டனை அழுத்தியது அவன் என்று போன் வந்தபோதே எனக்குத் தெரியும். ஆம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவை மூடியிருப்பார்கள். அவன் உயிரோடு இருக்கும்போது அவன் குரலை அடைத்தேன். இதை நீங்கள் கொலை என்று எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்த சொல் அதுதான்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைப் பொய்யன் என்று எழுதாதீர்கள். அவனை எடுத்துப் போட்ட மறுநாள் என் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் கடைசியா யாரையாவது கூப்பிட்டானாங்க?"

பதிவேட்டைத் திறந்து ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்தேன். அவனுக்கு நான் கொடுத்த முப்பத்தொன்றாம் எண்ணிலிருந்து அன்று ஓர் அழைப்புகூட வரவில்லை. யாரையும் கூப்பிடவில்லை என்று சொன்னேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.