மேரிறோஸின் மிதவைச் சட்டை

ஏரிக்கரைக் கடையில் விற்கிற தேநீர் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அதனால் சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இஞ்சி போட்டுத் தேநீர் ஊற்றி, பிளாஸ்கில் இரண்டு பேருக்கும் கொண்டுபோவேன். மேரிறோஸுக்குச் சீனி கொஞ்சம் கூட வேண்டும்.

இல்ஃபோர்டில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. அவளுடைய கணவர் இறந்தபோது கவுன்சிலுக்கு அலைந்ததும் நான்தான், கறி காய்ச்சிக் கொடுத்ததும் நான்தான். மனம் ஆறட்டும் என்று அந்த ஏரிப் பூங்காவுக்கு நடக்கக் கூட்டிப்போனதும் நான்தான். அவள் அழுதுகொண்டே நடப்பாள். நான் கேட்டுக்கொண்டு கூடப் போவேன். நல்ல காலம் அது.

பிறகு அவள் துடுப்புப் படகு பழகச் சேர்ந்தாள். நான் கரையில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் போனைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினாள். நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். ஒரு புதன்கிழமை பின்னாலேயே போனேன். வேறு மூன்று பெண்களோடு தண்ணீரில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒளிந்து பார்த்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். மரத்தடியில் நின்றேன், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை காரில் கேட்டேன்.

"என்னட்ட என்ன ஒளிக்கிறாய், மேரி?"

"ஒளிக்கேல்லை, நகுலாக்கா. கோடையில நாங்கள் நாலு பேர் படகோட ஸ்கொட்லாண்டுக்குப் போறம். நீங்கள் கோவிப்பியள் எண்டுதான் சொல்லேல்லை."

"நான் ஏன் கோவிக்கப் போறன்?"

நான் கோபிக்கவில்லை. ஆனால் ஒன்றை மறைத்தவள் இன்னும் எத்தனையை மறைத்திருப்பாள் என்று யோசித்தேன். யோசிக்காமல் இருக்க முடியுமா?

படகில் போகும்போது அவள் மாட்டுகிற மிதவைச் சட்டையின் பட்டி கழன்றிருந்தது. "தைச்சுத் தாங்கோ அக்கா" என்று அவளே கொண்டுவந்து தந்தாள். நான் சாரி பிளவுஸ் தைக்கிறவள். ஓரத்தைப் பிரித்து, உள்ளே இருந்த, மிதக்க வைக்கிற நுரை அட்டைகளை எடுத்துவிட்டு, பழைய துவாய்களை மடித்து வைத்து மூடினேன். உங்கள் மேசையில் இருக்கிறதே, அந்தத் தையலைப் பாருங்கள். ஒரு இடத்திலும் சுருக்கம் இருக்காது.

அந்தக் கிழமை, படகைக் கவிழ்த்துத் தண்ணீரில் விழுந்து எழும்புகிற பயிற்சி. அது எனக்குத் தெரியும். ஒரு தடவை பயந்தாளென்றால் மறுபடி தண்ணீர்ப் பக்கம் போகமாட்டாள். பழையபடி நடக்கலாம். நான் நினைத்தது அதைத்தான்.

ஏப்ரல் மாதம், தண்ணீர் நல்ல குளிர். பயிற்சியாளர் மற்றப் பக்கம் வேறொருத்தியைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். மேரி விழுந்தாள், ஒருமுறை மேலே வந்தாள், கரையில் என்னைப் பார்த்தாள். நான் கூப்பிட்டிருந்தால் அவர் உடனே திரும்பியிருப்பார். பக்கத்தில் ஒருவர் நாயோடு நின்றார், அவரிடமும் சொல்லியிருக்கலாம். நான் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவளாக ஒருமுறை என்னைக் கூப்பிடட்டும் என்றிருந்தது.

தூக்கினார்கள். மூச்சு திரும்பியது. பேச்சு திரும்பவில்லை, கைகாலும் திரும்பவில்லை.

நனைந்த சட்டையை மேரியின் மகள் ஜதுர்ஷிகா கொட்டகையில் போட்டிருந்தாள். துவாய் பூஞ்சணம் பிடித்து நாறியதும் ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். கெட்டிக்காரி. "அன்ரி, இது உங்கட வீட்டுத் துவாய்" என்று மட்டும் சொன்னாள். ஓம் என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

ஓம், நான்தான் செய்தேன். எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் கெதியாக முடியுங்கள். ஜதுர்ஷிகா வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க மேரிக்கு நான்தான். சோறு குழைத்து ஊட்டுவதும் தலை வாரிவிடுவதும் வேறு யாருக்குப் பழக்கம்? நான் கிட்டப் போனவுடனேயே அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அவ்வளவு நிம்மதி அவளுக்கு.