களிமண் பதினான்கு கூடை

புதுப்பட்டினத்து மணலில் வெண்டைச் செடி நிற்காது, இன்ஸ்பெக்டர் சார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் நான், மூன்று வருடம் போட்டுப் பார்த்துவிட்டேன். சாணி எரு, இலைமக்கு எது போட்டாலும் ஒரே மழையில் கீழே இறங்கிவிடும். ஆத்திரத்தில் அழுதே இருக்கிறேன்.

மனையில் பத்து இடத்தில் அரையடி ஆழத்தில் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். களிமண் கலந்தால்தான் சத்து தங்கும் என்றார்கள். எட்டடிக்குக் கீழே நல்ல களி இருப்பது போர் போட்டபோதே எனக்குத் தெரியும். கிணறு வெட்டுகிற கண்ணாயிரத்தைக் கூப்பிட்டேன்.

இந்தப் பக்கம் மணலில் தோண்டுகிறவர்கள் சிமெண்ட் உறையை இறக்கிக்கொண்டே தோண்டுவார்கள், பக்கம் சரியாமல் இருக்க. உறை போட்டால் பக்கவாட்டில் குடைந்து களி எடுக்க முடியுமா? வேண்டாம் என்றேன். நியாயம்தானே?

பதினோராவது களிமண் கூடையை நான் கயிற்றில் மேலே இழுத்தபோது, குழிக்குள்ளிருந்து "மணலு உதிர்ந்துகினே கீது சார், உறை இல்லாம ஆவாது" என்றான். அவன் மனைவி அன்பரசி உறை தூக்க ஆள் கூட்டி வர ஓடினாள்.

"அவ வரவரைக்கும் மேல ஏறிக்கிறேன். ஏணிய வுடு சார்."

ஏணியை மேலே இழுத்து வைத்திருந்தது நான்தான். அது இடித்து இடித்து மணலைக் கொட்டிக் களியை மூடியது. இன்னும் ஒரு கூடை என்றேன். நல்லவன், மூன்று கொடுத்தான்.

பிறகு ஒரு பக்கம் சரிந்தது. கழுத்து வரை மணல். "ஆள கூப்புடு சார்" என்றான். கூடைகள் இருந்த விளிம்பிலும் விரிசல் ஓடியிருந்தது. ஒவ்வொன்றாக வேலியோரம் தூக்கி வைத்தேன். எனக்கு இடுப்பு வலி, மெதுவாகத்தான் முடியும். பத்தாவது கூடையில் அவன் குரல் நின்றது. மீதி நான்கையும் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்க் கத்தினேன்.

செத்துப்போவான் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். அதை நான் மறைக்கவில்லை.

அவனைத் தோண்டி எடுக்க வந்தவர்கள் அள்ளிய மணலையெல்லாம் என் கூடைகள் மேலேயே கொட்டினார்கள், சார். எவ்வளவோ கெஞ்சினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை ஈவிரக்கமில்லாத மனிதர்களை நான் பார்த்ததே இல்லை.