தோராயமா அஞ்சு நிமிஷம்

லெஸ்டர்: ...கரண்டி இப்போ டெல்ஃபீன்கிட்ட இருக்கு. கரண்டி யார்கிட்டயோ, பேச்சு அவங்ககிட்ட. எர்வின், நீங்க சும்மா இருங்க.

எர்வின்: கரண்டி உங்க கையிலதானே இருக்கு? அதுவும் ஆயிரம் மைல் தள்ளி மாங்க்டன்ல.

லெஸ்டர்: திரையில இடது பக்கம் தூக்கினா டெல்ஃபீன். வலது பக்கம் தூக்கினா நீங்க. சண்டை தீர்க்கற நடத்தைக் குழுவுக்கான பயிற்சியில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.

எர்வின்: எனக்கு வலது பக்கம்தான் தெரியுது.

டெல்ஃபீன்: பாத்தீங்களா லெஸ்டர்? ஒரு மரக்கரண்டியைக்கூட ஒழுங்கா பாக்கத் தெரியல. இவரு எழுதின ப்ரோக்ராமைத்தான் நான் ஊருக்கெல்லாம் அனுப்பிக்கிட்டிருக்கேன்.

லெஸ்டர்: பொறுங்க, பொறுங்க. இது பதிவாகுது. நாளைக்குக் குழுவுல மத்தவங்களும் கேப்பாங்க. முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். எர்வின், ஹெட்கின்னு ஒரு ப்ரோக்ராம் எழுதியிருக்காரு. சின்ன வேலை. ஒரு காரியம் முடிய இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு மனுஷ பாஷையில சொல்லும். 'இன்னும் அஞ்சு நிமிஷம்', 'கொஞ்ச நேரத்துல'... அந்த மாதிரி.

எர்வின்: சொல்லும் இல்ல. சொல்லிச்சு.

லெஸ்டர்: டெல்ஃபீன், கம்ப்யூட்டரை ஓட்டற எங்க இலவச ஜாக்பைன் லினக்ஸுக்காக அதை வாங்கிச் சரிபார்த்து, மூட்டை கட்டி எல்லாருக்கும் அனுப்பறவங்க. ரெண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது.

டெல்ஃபீன்: நிம்மதியும் கிடையாது. சேத்துக்குங்க.

லெஸ்டர்: இப்ப சொல்லுங்க. என்ன பண்ணாரு?

டெல்ஃபீன்: நாலாவது வெர்ஷன்ல 'தோராயமா'ங்கிறதையே வேரோட பிடுங்கிட்டாரு. ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லல. இப்ப எந்த ப்ரோக்ராமாவது 'சுமாரா எவ்வளவு நேரம் ஆகும்'னு ஹெட்கியைக் கேட்டா, ஹெட்கி அப்படியே படுத்துடுது. கேட்ட ப்ரோக்ராமும் கூடவே படுத்துடுது.

எர்வின்: சரியான நேரத்தைக் கேட்டா சொல்லும். தோராயம்கிறது பொய்க்கு வெச்ச செல்லப் பேரு.

டெல்ஃபீன்: ரெஜைனாவுல ஒரு சலவைக்கடை, லெஸ்டர். மெஷினுக்குள்ள ஜாக்பைன். துணி காய இன்னும் எவ்வளவு நேரம்னு அது பாவம் ஹெட்கியைக் கேட்டிருக்கு. அவ்வளவுதான். கதவு தொறக்கல. உள்ள ஒரு ஹாக்கி டீமோட மொத்த உடுப்பு. கோல்கீப்பர் பைஜாமாவோட போய் நின்னாரு.

எர்வின்: ஜெயிச்சாங்களா?

டெல்ஃபீன்: ...ஜெயிச்சாங்க. அதுவா இப்ப பிரச்சனை?

எர்வின்: சும்மா கேட்டேன்.

லெஸ்டர்: எர்வின், கரண்டி... சரி, இந்தாங்க, உங்ககிட்ட. அவங்க என்ன தப்பு பண்ணாங்கன்னு சொல்லுங்க.

எர்வின்: அதுக்கப்புறம், நான் தூக்கிப் போட்ட 'தோராயமா'வை எடுத்து ஜாக்பைன்ல மறுபடி ஒட்டி வெச்சுட்டாங்க. என் பேர்ல! எடுத்து ஒட்டினாகூடப் பரவாயில்ல. பக்கத்துல ஒரு குறிப்பு. படிக்கச் சொல்லுங்க.

டெல்ஃபீன்: அது எங்க உள் விவகாரம்.

எர்வின்: 'எழுதினவருக்குப் புத்தி வர்ற வரைக்கும் தற்காலிகமா.' உலகமே படிக்குது அதை. பிரேசில்லேர்ந்து ஒருத்தர் மெயில் அனுப்பி, புத்தி வந்துச்சான்னு விசாரிக்கிறாரு.

லெஸ்டர்: அதுக்கு நீங்க என்ன பண்ணீங்க?

எர்வின்: ஒண்ணும் பண்ணல.

டெல்ஃபீன்: சொல்லுங்க, சொல்லுங்க.

எர்வின்: ...ஹெட்கி ஜாக்பைன்ல ஓடுதுன்னு தெரிஞ்சா ஒரு வரி காட்டற மாதிரி பண்ணேன். 'உங்க மூட்டைக்காரம்மா இதுல கை வெச்சிருக்காங்க. நேரம் தெரியணும்னா அவங்களையே கேளுங்க.'

டெல்ஃபீன்: கேக்கறாங்க! நேத்து சாஸ்கட்டூன்லேர்ந்து ஒரு பெரியவர் கேக்கறாரு, அவரோட ரொட்டி எப்போ வேகும்னு. நான் என்னத்தைச் சொல்ல?

லெஸ்டர்: சொன்னீங்களா?

டெல்ஃபீன்: எந்த ரொட்டின்னு கேட்டுச் சொன்னேன். பாவம்ல?

எர்வின்: தோராயமாவா சொன்னீங்க?

லெஸ்டர்: எர்வின்!... அது என்ன சத்தம்? கீச்சுன்னு.

டெல்ஃபீன்: புகை அலாரம். பேட்டரி தீர்ந்துபோச்சு. மாத்தறேன்னு சொன்னவங்க இன்னும் மாத்தல.

எர்வின்: எனக்கும் அப்படித்தான்... நம்ம ஊர் அலாரம் எல்லாம் ஒரே ரகம்.

லெஸ்டர்: ரெண்டு பேர் பக்கமும் ஒண்ணாவே கேட்டுச்சு. நான் பேசறதும் எனக்கே திரும்பி வருது. ஏதோ எதிரொலி. இந்தக் குளிர்ல இன்டர்நெட்டும் உறைஞ்சு போகுமோ என்னவோ.

எர்வின்: தண்டர் பே குளிரு அப்படித்தான்.

லெஸ்டர்: நீங்க தண்டர் பேயா? டெல்ஃபீன் எந்த ஊரு?

டெல்ஃபீன்: நானும்... அந்தப் பக்கம்தான். ஒன்டாரியோ மாகாணம் பெருசு லெஸ்டர்.

லெஸ்டர்: சரி, கேளுங்க. வியாழக்கிழமை புது ஜாக்பைன் வெளியாகணும். இன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போகலன்னா ஹெட்கியைத் தூக்கிடுவாங்க. ஹெட்கி போனா ஜாக்பைனை யாரும் கம்ப்யூட்டர்ல ஏத்தவே முடியாது. ஏத்தற ப்ரோக்ராம் முதல் வேலையா எவ்வளவு நேரம் ஆகும்னுதான் கேக்குது.

எர்வின்: அதைக் கேக்காம ஏத்த வேண்டியதுதானே?

லெஸ்டர்: அதை எழுதினவரு இப்ப யூகான் பனிக்காட்டுல நாய்வண்டி ஓட்டறாரு. மெயில் பாக்கறதில்ல.

டெல்ஃபீன்: குடுத்து வெச்சவரு.

லெஸ்டர்: டெல்ஃபீன் விலகிக்கிட்டா மூட்டை கால்கரி பிரெட்கிட்ட போகும். பிரெட்டைத் தெரியும்ல? போன தடவை காலண்டரைக் குடுத்தோம். தேவையில்லன்னு தூக்கிப் போட்டுட்டாரு. ரெண்டு வெர்ஷன் தேதியே இல்லாம ஓடுச்சு.

எர்வின்: பிரெட் வேண்டாம். அந்தாளு கையில என் ப்ரோக்ராம் ஒரு வாரம் தாங்காது.

லெஸ்டர்: அப்ப டெல்ஃபீன்தான். ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எழுதினவருக்கு வேண்டப்பட்டவங்க மூட்டை கட்டக் கூடாதுன்னு எங்க ரூல் இருக்குல்ல? வெளியாள் கண்ணு வேணும்னு. மத்த ப்ரோக்ராமுக்கெல்லாம் அதைத் துருவித் துருவி விசாரிப்போம். உங்க விஷயத்துல மட்டும் குழு நிம்மதியா தூங்குது. இப்படி அடிச்சுக்கறவங்களை நான் பாத்ததே இல்ல.

எர்வின்: ...ம்.

டெல்ஃபீன்: ...ஆமா. நல்ல ரூல்.

லெஸ்டர்: அதனால கேக்கறேன் எர்வின். ஏன் எடுத்தீங்க? நல்லா ஓடிக்கிட்டிருந்ததுதானே?

எர்வின்: யூஸர் கேட்டாங்க. எடுத்தேன்.

லெஸ்டர்: யாரு கேட்டது? உங்க புகார்ப் பக்கத்தை முழுசா படிச்சேன். ஒருத்தர்கூடக் கேக்கல.

எர்வின்: நேர்ல சொன்னாங்க.

டெல்ஃபீன்: நேர்லயா! லெஸ்டர், இவரு புகார்ப் பக்கத்துல மேல கொட்டை எழுத்துல என்ன போட்டிருக்காருன்னு படிங்க.

லெஸ்டர்: 'இங்க எழுதாதது நடக்கவே இல்ல.'

டெல்ஃபீன்: நான் தலைகீழா நின்னு கேட்டாலும் 'எழுதிப் போடுங்க, எழுதிப் போடுங்க'ம்பாரு. யாரோ வாயில சொன்னாங்களாம், உடனே உலகத்தையே புரட்டிப் போட்டுட்டாராம்.

எர்வின்: அந்த யூஸர் சொன்ன விதம் அப்படி. காரசாரமான ஆளு. 'இனிமே அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு வாயில வந்ததைச் சொல்லாதே. சரியா சொல்லத் தெரிஞ்சா சொல்லு, இல்லன்னா வாயைத் தொறக்காதே'ன்னாங்க. அதைத்தான் அப்படியே செஞ்சேன். ஒரு எழுத்து மாறாம.

டெல்ஃபீன்: அவங்க கோபத்துல சொல்லியிருப்பாங்க.

எர்வின்: கோபத்துல தட்டு ஒண்ணு உடைஞ்சது.

லெஸ்டர்: எங்க?

எர்வின்: ...கூட்டத்துல.

டெல்ஃபீன்: அது கை தவறி விழுந்தது!

லெஸ்டர்: நீங்களும் அந்தக் கூட்டத்துல இருந்தீங்களா?

டெல்ஃபீன்: கேள்விப்பட்டேன்.

எர்வின்: யூஸர் வெச்சிருந்தது நல்ல தட்டு வேற. எங்க அம்மா குடுத்தது.

லெஸ்டர்: உங்க அம்மா எதுக்கு யூஸருக்குத் தட்டு குடுத்தாங்க?

எர்வின்: அவங்க எல்லாருக்கும் குடுப்பாங்க.

டெல்ஃபீன்: லெஸ்டர், கரண்டியை இப்படிக் குடுங்க. அந்த யூஸர் சார்பா நான் பேசறேன். ஒரு மனுஷன் சாப்பிட வான்னா 'அஞ்சு நிமிஷம்'ங்கிறான். அரை மணி கழிச்சுக் கேட்டா 'இதோ'ங்கிறான். சால்மன் மீன் சூப் ஆறி, ஆடை கட்டி, திரும்பச் சுட வெச்சு, திரும்ப ஆறி... ஒருநாள் வாய் தவறி நாலு வார்த்தை வந்துடுச்சு. உடனே எழுந்து வர வேண்டியதுதானே? அதை விட்டுட்டு ராத்திரியோட ராத்திரியா புது வெர்ஷன் போடுவியாடா நீ?

லெஸ்டர்: டெல்ஃபீன்!

டெல்ஃபீன்: பெரிய இவனாட்டம் கீழ உக்காந்துக்கிட்டு!

எர்வின்: நீ மட்டும் என்ன? ஊர் பூரா 'புத்தி வர்ற வரைக்கும்'னு தண்டோரா போட்டே!

லெஸ்டர்: போதும்! போதும்! ரெண்டு பேரும்... இங்க பாருங்க, கரண்டியைக் கீழ வெச்சுட்டேன். வாடா போடான்னு பேசற அளவுக்குப் போயிடுச்சு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பேண்ட் வாசிக்கக் கத்துக் குடுத்தவன் நான். எக்காளம் ஊதற பசங்களைக்கூட அடக்கியிருக்கேன். உங்களை முடியல. குழு எனக்குக் குடுத்திருக்கிற அதிகாரத்துல ஒரே ஒரு முடிவுதான் பாக்கி.

எர்வின்: சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி.

டெல்ஃபீன்: எனக்கும்தான். இந்தாளு மூஞ்சியில முழிக்காம இருந்தா போதும்.

லெஸ்டர்: அதேதான். தொடர்புத் தடை. இன்னிக்கு ராத்திரியிலேர்ந்து ஆறு மாசம். மெயில் கூடாது, போன் கூடாது, புகார்ப் பக்கம் கூடாது.

டெல்ஃபீன்: சந்தோஷம்.

லெஸ்டர்: நேர்லயும் கூடாது.

எர்வின்: ...நேர்லயுமா?

லெஸ்டர்: முக்கியமா நேர்ல. ஒரே மேசையில சாப்பிடக் கூடாது. ஒரே வண்டியில ஏறக் கூடாது. ஒரே கூரைக்குக் கீழ இருக்கவே கூடாது.

டெல்ஃபீன்: கூரைன்னா...?

லெஸ்டர்: மாநாட்டு மண்டபம், ஹோட்டல், எல்லாம்தான்.

எர்வின்: சௌனாவுல நீராவிக் குளியல்?

லெஸ்டர்: யார்கூட எர்வின்?

எர்வின்: பொதுவா கேட்டேன்.

லெஸ்டர்: சௌனாவும் கூடாது. மீறினா ரெண்டு பேரையும் நீக்கிடுவோம். ஹெட்கி பிரெட்கிட்ட போயிடும்.

டெல்ஃபீன்: ...

எர்வின்: ...

லெஸ்டர்: கேக்குதா? லைன் போயிடுச்சா?... அலாரம் மட்டும் கேக்குது.

டெல்ஃபீன்: லெஸ்டர்... வெளிய பனி கொட்டுது. இன்னிக்கே ஆரம்பிக்கணுமா?

லெஸ்டர்: பனிக்கும் இதுக்கும் என்ன?

எர்வின்: ஒருவேளை... ஒருவேளைதான்... நாங்க இப்பவே ஒத்துப்போயிட்டா?

லெஸ்டர்: இப்பவேயா? மாசக்கணக்கா நடக்கிற சண்டை இது!

எர்வின்: 'தோராயமா'வைத் திரும்பப் போட்டுடறேன். இன்னிக்கே. அந்த ஒரு வரியையும் எடுத்துடறேன்.

டெல்ஃபீன்: நான் ஒட்டினதைப் பிரிச்சுடறேன். குறிப்பையும் அழிச்சுடறேன்.

எர்வின்: குறிப்பு... இருந்துட்டுப் போகட்டும். புத்தி வந்துச்சுன்னு ஒரு வரி சேத்துடுங்க. பிரேசில்காரரு சந்தோஷப்படுவாரு.

லெஸ்டர்: என்னங்க இது! ரெண்டு பேருக்கும் உடம்பு சரியில்லயா?

எர்வின்: ஒரே ஒரு கவலை லெஸ்டர். அந்த யூஸர்... அவங்க ஒத்துக்குவாங்களா? மறுபடி அஞ்சு நிமிஷம்னு சொல்ல ஆரம்பிச்சா?

டெல்ஃபீன்: அவங்க ஒண்ணும் நேரத்தைக் கேக்கலங்க. எந்த நேரமா இருந்தாலும் உக்காந்திருப்பாங்க. கூடச் சாப்பிட ஆளு வேணும், அவ்வளவுதான். தனியா சாப்பிட்டா சூப்பு இறங்கல. அதை எந்தப் பக்கத்துல போய் எழுதறது?

எர்வின்: ...எழுத வேண்டாம். புரிஞ்சுடுச்சுன்னு சொல்லிடுங்க.

டெல்ஃபீன்: சொல்லிடறேன்.

லெஸ்டர்: எனக்குக் கண்ணே கலங்குது. இத்தனை வருஷத்துல இந்தக் கரண்டி வேலை செஞ்சது இதுதான் முதல் தடவை. சரி, தடை இல்ல. வியாழக்கிழமை ஜாக்பைன் வெளியாகுது. பதிவை மூடறதுக்கு முன்னாடி வழக்கமா கேக்கற ஒரு கேள்வி. உங்க விஷயத்துல கேக்கவே வேண்டியதில்ல, இருந்தாலும் கேட்டாகணும். இந்தச் சண்டையைத் தவிர உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வேற ஏதாவது சம்பந்தம் உண்டா?

எர்வின்: சம்பந்தம்னா...?

லெஸ்டர்: 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை போதும் எர்வின்.

எர்வின்: ஒரு... அஞ்சு நிமிஷம் குடுங்க லெஸ்டர். மேல போய் என் வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்லிடறேன்.

லெஸ்டர்: அஞ்சு நிமிஷம்தானே? தாராளமா. நான் காத்துக்கிட்டிருக்கேன்.

டெல்ஃபீன்: காத்திருக்காதீங்க லெஸ்டர். அந்த அஞ்சு நிமிஷத்தை நம்பித்தான் பதினோரு வருஷமா நான் இங்க மேல சூப்பைச் சுட வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.